பழி யார் தலையில்? ‘எரிக்’ நாவலை இன்று வாசித்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். நேரில் பேசும்போது விரிந்த சில கிளைச்செய்திகள் அச்சுக்காகக் குறைக்கப்பட்டுள்ளன.)



இந்தச் சொற்பொழிவு ஒரு பள்ளி ஆசிரியரின் நினைவாக நடப்பது. எனவே பள்ளிக்கூடத்தைப் பற்றிய ஒரு நாவலை எடுத்துக்கொண்டேன். அது ஃபிரெடெரிக் வில்லியம் ஃபாரர் எழுதி, 1858இல் எடின்பரோவிலிருந்து வெளிவந்த ‘எரிக், அல்லது சிறுகச் சிறுக’. ஆசிரியரின் வாழ்நாளிலேயே 36 பதிப்புகள் கண்ட புத்தகம். விக்டோரியா காலத்து ஆங்கிலக் குடும்பங்களில் மகனுக்கும் மருமகனுக்கும் பரிசாக வாங்கிக் கொடுத்தார்கள். இன்று இலக்கிய வரலாறுகளில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. அந்த வரியும் பெரும்பாலும் ஏளனமாகவே இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர், அத்தியாயத்துக்கு அத்தியாயம் உபதேசம், கடைசியில் சாவு என்று சொல்லி மூடிவைத்துவிடுகிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நாவலின் துயரம் உண்மையானது. அந்தத் துயரத்துக்குக் காரணமான பெரியவர்களை விட்டுவிட்டு, பழியை ஒரு சிறுவனின் தலையில் கட்டியதுதான் நாவலின் பிழை. இன்று இதை வாசிக்கிறவர் கண்ணீரை மதிக்க வேண்டும். பழியை உரிய இடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இதை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன்.

1. முதலில் கதை. எரிக் வில்லியம்ஸின் பெற்றோர் இந்தியாவில் இருக்கிறார்கள். அவனோ இங்கிலாந்தில், உறவினரான திருமதி ட்ரெவரின் வீட்டில் வளர்கிறான். அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது பெற்றோர் தம்பி வெர்னனோடு விடுப்பில் வருகிறார்கள். கடலோரத்து ரோஸ்லின் பள்ளியில் எரிக் சேர்கிறான். விடுப்பு முடிந்து பெற்றோர் இந்தியாவுக்குக் கப்பலேறியதும் அவன் விடுதி மாணவனாகிறான். நல்ல பையன்தான், துணிச்சல்காரன், பாசக்காரன், எல்லோரும் தன்னை விரும்ப வேண்டும் என்று ஏங்குகிறவன். அந்த ஏக்கம்தான் அவனைச் சரிக்கிறது. பாடத்தில் பார்த்தெழுதுகிறான், கெட்ட வார்த்தை பேசுகிறான், புகைக்கிறான், ஊர் மதுக்கடையில் குடிக்கிறான், ஆசிரியரின் புறாக்களைத் திருடும் கூட்டத்தில் சேர்கிறான். கடைசியில், கிரிக்கெட் நிதியைத் திருடியதாகச் செய்யாத குற்றத்துக்குச் சந்தேகிக்கப்பட்டு ஓடிப்போகிறான். கப்பலில் எடுபிடிப் பையனாகச் சவுக்கடி பட்டு, உடல் குலைந்து, திருமதி ட்ரெவரின் வீட்டுக்கே திரும்பி வந்து இறக்கிறான். அதற்கு முன்பே அவனுடைய உயிர் நண்பன் ரஸ்ஸலும் தம்பி வெர்னனும் இறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் தாயும் இறந்துபோகிறாள்.

2. இந்த நாவலை வெறும் பள்ளிக் கதையாகப் படிப்பதால்தான் அதன் அழுகை மிகையாகத் தோன்றுகிறது. கதையில் இந்தியா எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒரு காட்சியிலும் இல்லை. ஆனால் நடப்பதெல்லாம் அதனால்தான் நடக்கிறது.

ஃபாரர் 1831இல் பம்பாயில் பிறந்தவர். தந்தை சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த பாதிரியார். மூன்று வயதில் அண்ணனோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, ஐல்ஸ்பரியில் மணமாகாத இரண்டு அத்தைமார் வீட்டில் வளர்ந்தார். பிறகு பெற்றோர் மூன்றாண்டு விடுப்பில் வந்து மான் தீவின் காசில்டவுனில் குடியிருந்தார்கள். அங்கே கிங் வில்லியம்ஸ் கல்லூரி என்ற பள்ளியில் அவர் சேர்ந்தார். விடுப்பு முடிந்து அவர்கள் போனதும், தலைமையாசிரியரின் வீட்டிலேயே விடுதி மாணவரானார். எரிக்கின் வாழ்க்கை ஏறக்குறைய இதே வரிசையில் அமைந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

கடல் கடந்த அரசாங்கத்தில் வேலை பார்த்த ஆங்கிலக் குடும்பங்கள் பிள்ளைகளை ஐந்தாறு வயதுக்குள் ஊருக்கு அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது. வெயிலும் காய்ச்சலும் வாந்திபேதியும் உயிரைக் கொண்டுபோகும் என்ற பயம் ஒரு காரணம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இங்குள்ள பழைய ஐரோப்பியக் கல்லறைகளிலேயே இருக்கிறது. இன்னொரு காரணத்தை அவர்கள் மெல்லிய குரலில்தான் சொன்னார்கள். ஆயாவின் மடியில் வளரும் பிள்ளை ஆயாவின் மொழியில் பேசும், அந்த உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளும், கலப்பினப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள் என்ற அச்சம் அது. 1855 முதல் இந்திய சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வு வந்ததும், இங்கிலாந்தில் படித்திருப்பது வேலைக்கான தகுதியாகவும் ஆகிவிட்டது.

இதை நம்முடைய மலைநகரங்களிலிருந்தும் பார்க்கலாம். ஃபாரரை 1854இல் மார்ல்பரோ பள்ளியில் ஆசிரியராக வைத்திருந்தவர் ஜார்ஜ் காட்டன். ‘எரிக்’ வெளிவந்த அதே 1858இல் அவர் கல்கத்தாவின் பிஷப்பாக நியமிக்கப்பட்டு இந்தியா வந்தார். சிம்லாவிலும் பெங்களூரிலும் அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பப் பண வசதி இல்லாத ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்காகவே மலைப்பள்ளிகள் வேண்டும் என்று அவர் பாடுபட்டார். ஊட்டிக்கு அருகே லவ்டேலில் இன்றிருக்கும் லாரன்ஸ் பள்ளியும் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858இல் தொடங்கப்பட்டதுதான். அதாவது, பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப முடிந்தவர் மேல்தட்டு, முடியாதவர் கீழ்த்தட்டு. பிரிவே அந்தஸ்தின் அடையாளமாகிவிட்ட ஒரு சமூகத்தில், பிரிவு வலிக்கிறது என்று யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

தூரத்தையும் நினைத்துப் பாருங்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். இங்கிலாந்துக்கும் பம்பாய்க்கும் நேரடிக் கடலடித் தந்தி வந்தது 1870இல். ‘எரிக்’ எழுதப்பட்ட நாட்களில் கடிதங்கள் எகிப்தைத் தரைவழியே கடந்து வந்து சேர ஐந்து, ஆறு வாரம் ஆகும். ஒரு பையன் ஜனவரியில் மனம் கலங்கி அம்மாவுக்கு எழுதினால், அம்மாவின் ஆறுதல் ஏப்ரலில் வரும். அதற்குள் அவன் வேறு பையனாகியிருப்பான்.

இதோடு ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்களை’ ஒப்பிடுங்கள். தாமஸ் ஹியூஸ் அதை 1857இல், ஓராண்டு முன்னதாக, வெளியிட்டார். டாமும் தவறுகள் செய்கிறான், அடி வாங்குகிறான், கெட்ட சகவாசத்தில் விழப் பார்க்கிறான். ஆனால் அவன் தேறிவிடுகிறான். விமர்சகர்கள் இதற்கு அவனுடைய தலைமையாசிரியர் டாக்டர் ஆர்னால்டின் தலைமையைக் காரணமாகச் சொல்வார்கள். என் கணக்கு வேறு. டாமுக்குப் பெர்க்‌ஷயரில் ஒரு வீடு இருக்கிறது, ஊர் இருக்கிறது, பள்ளிக்குப் புறப்படும்போது என்ன சொல்லி அனுப்பலாம் என்று யோசித்து யோசித்துப் பேசும் ஓர் அப்பா இருக்கிறார். விடுமுறை விட்டால் அவன் வீட்டுக்குப் போகலாம். எரிக்கால் முடியாது. இரண்டு நாவல்களுக்கும் இடையே இருக்கும் பெரிய வேறுபாடு இதுதான்.

3. இனி ஒரு காட்சியை நெருங்கிப் பார்ப்போம். எரிக் விடுதிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. படுக்கை அறையில் விளக்கு அணைந்தபின் பையன்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பால் என்ற பையன் ஓர் ஆபாச வார்த்தையைச் சொல்கிறான். எரிக்கின் உடம்பு கூசுகிறது. கண்டித்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்த இடத்தில் கதைசொல்லி கதையை அப்படியே நிறுத்திவிடுகிறார். எரிக்கைப் பெயர் சொல்லி அழைத்து, பேசு, இப்போதே பேசு, உன் வாழ்வும் சாவும் இந்தக் கணத்தில்தான் இருக்கின்றன என்று மன்றாடுகிறார். எரிக் பேசவில்லை. பிறகு நடப்பதெல்லாம் அந்த மௌனத்திலிருந்து கிளைக்கிறது.

இந்த இடம்தான் பலருக்கும் சகிக்க முடியாததாக இருக்கிறது. ஆசிரியர் உள்ளே புகுந்து கத்துகிறார், கலை கெட்டுவிட்டது என்பார்கள். கலை கெட்டதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் கத்துகிறார் என்று கேட்க வேண்டும். அந்த அறையில் ஒரு பெரியவரும் இல்லை. இரவு முழுவதும் ஒரு கூட்டம் சிறுவர்கள் ஒருவர் கையில் ஒருவராக விடப்பட்டிருக்கிறார்கள். மூத்தவன் இளையவனை ஆளலாம், ஆசிரியரிடம் சொல்லிக்கொடுப்பது துரோகம் என்பதே சட்டம். அம்மா ஐந்து வாரத் தொலைவில் இருக்கிறாள். அந்த இருட்டில் அவனோடு பேசக் கதைசொல்லியை விட்டால் ஆளில்லை. ஆனால் அவர் குரல் அவனுக்குக் கேட்காது. அங்கே வந்திருக்க வேண்டிய தாயின் இடத்தில், தந்தையின் இடத்தில், விடுதிக் கண்காணிப்பாளரின் இடத்தில் நின்று, மிகத் தாமதமாக, ஒருவர் கூப்பிடுகிறார். சிறு வயதில் விடுதிப் பள்ளிகளில் படித்துவிட்டு வந்த என் மாணவர்கள் இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது சிரிப்பதில்லை.

பழி இங்கேதான் இடம் மாறுகிறது. பன்னிரண்டு வயதுப் பையன்களை இரவில் இப்படி விட்டுவைத்த ஏற்பாட்டை ஃபாரர் கேள்வி கேட்கவில்லை. ஒரு சிறுவன் தனியாக நின்று எதிர்த்திருக்க வேண்டும் என்கிறார். ‘கிப்ரோத் அத்தாவா’ என்று எண்ணாகமத்து இடப்பெயரைச் சொல்லி அவர் எச்சரிக்கும் பகுதி இச்சையின் கல்லறையைப் பற்றியது. தான் எச்சரிக்கும் பாவம் எது என்று அதில் அவரால் பெயர் சொல்லக்கூட முடியவில்லை. பெயர் சொல்லாத ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை தன்னை எப்படிக் காத்துக்கொள்ளும்?

ஃபாரர் இதை எழுதியபோது ஹாரோ பள்ளியில் ஆசிரியர். அங்கே தலைமையாசிரியர் சார்லஸ் வான். புகழின் உச்சியில் இருந்த வான் 1859இல் திடீரென்று பதவி விலகினார். மாணவர் ஒருவரோடு அவருக்கிருந்த உறவை, ஜான் ஆடிங்டன் சிமண்ட்ஸ் என்ற முன்னாள் மாணவர் வழியாக அவருடைய தந்தை அறிந்துகொண்டு, விலகாவிட்டால் வெளியிடுவேன் என்று நெருக்கியதுதான் காரணம். சிமண்ட்ஸின் நினைவுக்குறிப்புகள் 1984இல்தான் நூலாக அச்சேறின. ஃபாரருக்கு இதில் என்ன தெரியும் என்பதன் மேல் என் வாதத்தை நான் கட்டவில்லை. ஆபத்து சிறுவர்களின் பேச்சில் இருப்பதாக ஒரு நாவல் கதறிக்கொண்டிருந்த நாட்களில், அதே பள்ளியில் ஆபத்து எங்கே உட்கார்ந்திருந்தது என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

4. சாவுகளுக்கு வருகிறேன். ரஸ்ஸல், கடல் சூழ்ந்துகொண்ட பாறையில் சிக்கி அடிபட்டு, அந்தக் காயத்தாலேயே இறக்கிறான். வெர்னன் மலைமுகட்டிலிருந்து விழுந்து இறக்கிறான். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவனைத் தன் போக்கில் கெடவிட்டோமே என்று எரிக் நொறுங்கிப்போகிறான். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு பள்ளிச் சிறுவனிடம் ஒப்படைத்தது யார் என்ற கேள்வி நாவலில் எழவே இல்லை.

எல்லாவற்றிலும் கொடுமையானது தாயின் சாவு. ஒரு மகன் இறந்தான், இன்னொரு மகன் பெயர் கெட்டு ஓடிப்போனான் என்ற செய்தி அவளைக் கொன்றுவிடுகிறது. அதை அறிந்ததும், தாயைக் கொன்றவன் நான்தான் என்று எரிக் எண்ணிக்கொள்கிறான். கதை அவனை மறுத்துப் பேசவில்லை. தாயைப் பிரிந்து தவித்த பிள்ளை, தாயின் சாவுக்குக் காரணமானவனாக ஆகிவிடுகிறான். பெற்றோரைப் பிரியும் சிறு பிள்ளைகள், நாம் ஏதோ தவறு செய்ததால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஃபாரர் அந்தக் குழந்தை நினைப்பை அறிந்தவர்போல எழுதுகிறார். ஆனால் அது குழந்தையின் நினைப்பு என்று சொல்லாமல், தெய்வத் தீர்ப்பாகவே எழுதிவிடுகிறார்.

ஆனாலும் அவரை ஈரமில்லாத பிரசங்கியார் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மொழிகளின் தோற்றம் பற்றி 1860இல் நூல் எழுதி, டார்வினின் ஆதரவோடு 1866இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானவர் அவர். பள்ளிகளில் அறிவியல் கற்பிக்க வேண்டும் என்று வாதாடியவர். 1882இல் டார்வினின் சவப்பெட்டியோடு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் நடந்தவர்களில் ஒருவர். அதே ஆலயத்தில் 1877இல் தொடர் பிரசங்கம் செய்து, முடிவே இல்லாத நரகத் தண்டனை என்ற கொள்கையை எதிர்த்தார். ‘நித்திய நம்பிக்கை’ என்ற பெயரில் அது அடுத்த ஆண்டு நூலாகித் திருச்சபையில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. இதை மனதில் வைத்துக்கொண்டு எரிக்கின் மரணப் படுக்கையைத் திரும்பப் படியுங்கள். கிரிக்கெட் பணத்தைத் திருடியவன் அவன் இல்லை என்று தெளிவாகிறது. அவன் மன்னிக்கப்பட்டு, அமைதியோடு போகிறான். நரகம் அவனுக்குக் காட்டப்படவில்லை. அவனைக் கொல்லத் துணிந்த ஆசிரியருக்கு அவனைக் கைவிட மனமில்லை. பிற்காலத்தில் முடிவில்லாத நரகம் என்ற கொள்கையை எதிர்த்து நின்ற அந்த மனிதரின் முதல் தடம் இந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

5. இந்த நாவலை ஏளனம் செய்தவர்களில் தலையாயவர் ருட்யார்ட் கிப்ளிங். 1899இல் வந்த அவருடைய ‘ஸ்டாக்கி அண்ட் கோ’வில் வரும் பையன்களுக்கு ‘எரிக்’ ஒரு கேலிப்பொருள். அதற்குப்பின் ஆங்கிலேயருக்கு ‘எரிக்’ என்றால் சிரிப்பு என்றாகிவிட்டது. வரலாற்றாசிரியர் தாமஸ் டிக்சன் 2015இல் எழுதிய நூலில் காட்டுவதுபோல, கண்ணீர் விடாத ஆங்கிலேயர் என்ற உருவமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இறுகியது. ‘எரிக்’ வந்த காலத்தில் ஆண்பிள்ளை அழுவது அத்தனை வெட்கமாக இல்லை. பேரரசு பெருகப் பெருக, கண்ணீர் அடக்கப்பட்டது.

அந்தக் கிப்ளிங் யார்? ஃபாரரைப் போலவே பம்பாயில் பிறந்தவர். ஐந்து வயதில், மூன்று வயதுத் தங்கையோடு, சவுத்சீயில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் விடப்பட்டவர். ஏன் விட்டுப்போகிறோம் என்று பெற்றோர் சொல்லவில்லை. அந்த வீட்டில் பட்ட கொடுமையை 1888இல் ‘பா பா பிளாக் ஷீப்’ என்ற கதையாக எழுதினார். சாகும் முன் எழுதிய தன்வரலாற்றிலும் அது ஆறாத புண்ணாகவே வருகிறது. அந்தச் சிறுகதையையும் ‘எரிக்’கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், கேலி செய்தவரும் கேலிக்கு ஆளானவரும் ஒரே வலியை இரண்டு விதமாகச் சுமந்தவர்கள் என்பது விளங்கும். கிப்ளிங்கின் கதையில் ஒரு பெரிய முன்னேற்றம் இருக்கிறது. அங்கே குற்றம் சிறுவனுடையதில்லை என்பது வாசகருக்குத் தெரியும். தாய் திரும்பி வந்தபிறகும் போன நம்பிக்கை முழுதாகத் திரும்பாது என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது.

அடுத்த தலைமுறையில் ஜார்ஜ் ஆர்வெல். 1903இல், ஃபாரர் இறந்த அதே ஆண்டில், பிகாரின் மோதிஹாரியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எரிக் பிளேர். அந்த எரிக் என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. தந்தை இந்தியாவில் அபினித் துறை வேலையில் இருக்க, எட்டு வயதில் ஈஸ்ட்போர்னில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை அவர் இறந்தபின் 1952இல்தான் வெளிவந்தது. தானே காரணமில்லாத ஒன்றுக்காகவும் ஒரு குழந்தை தன்னைப் பாவி என்று நம்பிவிட முடியும் என்பதை அதில் அவர் எடுத்துக்காட்டினார். ஃபாரர் உணர்ந்தும் சொல்லாமல் விட்டது இதைத்தான். இதை நேராகச் சொல்ல ஆங்கில எழுத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

6. இறுதியாக ஒரு சான்று. பேரரசையும் பிரிவையும் நான் வலிந்து உள்ளே கொண்டுவருகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஃபாரரே எழுதிய இன்னொரு பள்ளி நாவலைப் பாருங்கள். 1862இல் வந்த ‘செயின்ட் வினிஃப்ரெட்ஸ்’. அதே வகைப் பள்ளி, அதே வகை ஆசைகாட்டல்கள், அதே முரட்டுப் பையன்கள், அதே கடற்கரை. நாயகன் வால்டர் எவ்சன் செய்யும் தவறு எரிக் செய்த எதையும்விடப் பெரியது. கோபத்தில் பேட்டன் என்ற ஆசிரியரின் மேசையை உடைத்து, அவர் பல ஆண்டு உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதியைத் தீயில் போட்டுவிடுகிறான். இழந்தது திரும்பி வராத இழப்பு. ஆனால் பேட்டன் அவனை மன்னிக்கிறார். வால்டர் சாகவில்லை. அவன் தம்பி சார்லியும் அதே பள்ளிக்கு வருகிறான், துன்புறுத்தப்படுகிறான், தாக்குப்பிடிக்கிறான்.

இரண்டு கதைகளிலும் பையன்களின் குணத்தில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. இருவரும் பாசக்காரர்கள், முன்கோபிகள், மற்றவர்களின் மதிப்புக்கு ஏங்குகிறவர்கள். வால்டரின் வீடு இங்கிலாந்திலேயே இருக்கிறது. முதல் நாள் அவனைப் பள்ளிக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவது அவனுடைய அப்பா. அவன் எழுதும் கடிதம் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்ச் சேரும்; விடுமுறை வந்தால் அவனே போவான். எரிக்கைக் கொன்றது சிறுகச் சிறுகச் சேர்ந்த பாவம் என்று 1858இல் எழுதிய கைதான், நான்கு ஆண்டு கழித்து, பெற்றோரைப் பக்கத்தில் வைத்துவிட்டு அதே பாவங்களை எழுதிப் பார்த்தது. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான்.